குழந்தைகளின் அபிப்பிராயம்

குழந்தைகளுக்கென்று கம்ப்யூட்டர் பாடங்களும் விளையாட்டுகளும் கருவிகளும் இன்று ஏராளமாய் வருகின்றன. செய்வோர் பெரியவர், வாங்குவோரும் பெரியவரே. உபயோகிக்கும் குழந்தையை ஒரு வார்த்தை கேட்பது மட்டும் அபூர்வம். இது முறையன்று என்பது நமது அபிப்பிராயம்.

"ஏழு வயதுப் பிள்ளைக்கு யந்திர விஷயம் என்ன தெரியும்?" என்று நகைப்போர் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து சர்வகலாசாலையில் ஆலிசன் டுரூயின் அம்மையார் 1998-இல் ஏற்படுத்திய குழுவை அவர்கள் கவனிப்பார்களாக. அங்கே 7 முதல் 11 வயதுக் குழந்தைகளும் ஆராய்ச்சிக்காரரும் சேர்ந்தே கருவிகளை அமைக்கின்றனர். முதலில் சிற்றுண்டி, பிறகு தரையில் வட்டமாய் அமர்ந்து பேச்சு. பெரியவர்களைப் பெயர் சொல்லியே அழைக்கலாம். பேசக் கை தூக்க வேண்டுவதில்லை. காகிதம், களிமண், நூல், பசை நிறைந்த பை ஒன்று அவிழ்க்கப்படும். மனத்தில் தோன்றிய கருவியை அவற்றைக்கொண்டே செய்து காட்டுவர். முன்பே செய்த கருவியானால், பிடித்தது, பிடிக்காதது, புது யோசனை ஆகியவற்றைச் சிறு சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவர்.

இது வெறும் விளையாட்டன்று. நியாயஸ்தலத்தில் பழகியோர் அறிவர்: குழந்தையை நிறுத்திவைத்துக் கேட்டால், கேட்பவர் விரும்பும் பதிலையே பெரும்பாலும் சொல்லும். களிமண்ணைக் கொடுத்தால் தன் கருத்தைச் சொல்லும். 2002-இல் திறக்கப்பட்ட சர்வதேசக் குழந்தைகள் டிஜிட்டல் நூலகம் இக்குழந்தைகளின் யோசனையுடன் அமைந்தது. புஸ்தகசாலைகள் ஆசிரியர் பெயராலும் தலைப்பாலும் நூல்களை வகுக்கின்றன. குழந்தைக்கு நினைவிருப்பதோ சிவப்பு அட்டை! ஆகவே அட்டையின் நிறத்தைக்கொண்டும் தேட அங்கே வழி செய்தனர். எந்தப் பண்டிதருக்கு இது தோன்றியிருக்கும்?

நமது தேசத்தில் 1999-இல் சுகதா மித்ரா, டில்லி கால்காஜியில் குடிசைப் பகுதியை அடுத்த சுவரில் கம்ப்யூட்டர் ஒன்றைப் பதித்தார். ஏழைக் குழந்தைகள் தாமாகவே அதைக் கையாளக் கற்றனர். மெச்சத்தக்க காரியமே. எனினும் யந்திரம் முன்பே செய்து முடிந்தது. அதை மாற்றச் சொல்லும் உரிமை அவர்களுக்கில்லை.

தம்மைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமையுண்டென்று 1989-ஆம் வருஷத்து ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, 12-வது ஷரத்தில் கூறுகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. அந்நிய தேசத்துப் பிள்ளைக்கெனச் செய்ததை நம் பிள்ளையின் கையில் திணிப்பதா அந்த ஏற்புக்கு அர்த்தம்? பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் சர்க்கார், டெண்டரில் விலையைக் கேட்பதோடு, எந்தக் கிராமத்துக் குழந்தைகளுடன் உட்கார்ந்து இதைச் செய்தீர்களென்றும் கேட்கட்டும். விளையாட்டென்று சொல்லிப் பிள்ளைகளின் யோசனையை இனாமாய்க் கவர்ந்து லாபம் சேர்க்கும் கம்பெனிகளுக்கு இடங்கொடுக்கலாகாது. பெற்றோர் சம்மதமும், வேண்டாமென்றால் குழந்தை எழுந்து போகும் சுதந்தரமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.