தைப்பூசப் பிரயாணம்

தைப்பூசத்துக்கு 2021-இல் அரசாங்கம் விடுமுறை அளித்தது. 2026-இலோ பூசம் பிப்ரவரி 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமையாகவே வந்து சேர்ந்தது! உபாத்தியாயர்களுக்கு நஷ்டந்தான். எனினும் சாகுபுரத்தாருக்குத் திருச்செந்தூர் தூரமன்று. ஆறுமுகநேரியில் ரயிலேறினால் காயல்பட்டினம், அதற்கடுத்த ஸ்டேஷன் செந்தூர். சனிக்கிழமை மாலை ரயிலுக்கே நாம் திட்டமிட்டோம்.

நம் அன்னையாரோ பச்சை உடுத்து நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவர். முழங்காலிலோ வாதம். வைத்தியர் சொன்னதை எடுத்துரைத்தோம். “ரயிலில் வருவதாகவா முருகனிடம் சொன்னேன்?” என்ற ஒரே கேள்வியில் நம் வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு நாள் வாதத்துக்குப்பின் சமரசம் பிறந்தது: காயல்பட்டினத்தில் இறங்கி, வெயில் தாழ்ந்தபின் அங்கிருந்து நடை. விடியலில் கடலாடி, நாழிக்கிணற்று நன்னீரில் குளித்துத் தரிசனம். தைலக்குப்பி மட்டும் இரண்டு எடுத்துவைத்தோம். நமது முழங்காலும் அவ்வளவு நம்பத்தக்கதன்று.