பூட்டிய பீரோ

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்க அறிவொளி இயக்கம் கிளம்பியபோது பாடம் அ, ஆவில் தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியது. கையில் இல்லாத நிலத்தையும் கூலிக்கு அளந்து போட்ட நெல்லையும் பற்றிக் கல்லுடைக்கும் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு தானாகக் கிளம்பியது. எழுத்து அதன் பின்னால் வந்தது. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர், சம்பளம் கிடையாது. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள், கல்லூரிப் பெண்கள், பள்ளி விட்டதும் வந்து சேர்ந்த ஆசிரியர்கள் என்று தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்நின்று திரட்டிய கூட்டம் அது. அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்தச் சூட்டில்தான்.

கையெழுத்துப் போடக் கற்றவர்கள் அதன்பிறகு எதைப் படித்தார்கள்? பாடப்புத்தகம் முடிந்ததும் பலருக்குப் படிக்க ஒன்றும் இருக்கவில்லை. சில இடங்களில் தொண்டர்கள் ஊர்க்கதைகளைக் கேட்டு எழுதி, பெரிய எழுத்தில் சின்னப் புத்தகங்களாக்கி ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ அந்த நாட்களுக்குள்ளிருந்து எழுதப்பட்ட நூல். அறிவொளி ஆட்சியர் அலுவலகத்தின் துணையோடு ஓடியது. அதனால் வேகம் கிடைத்தது. இலக்கு எட்டியதாக அறிவித்ததும் ஆட்கள் கலையவும் அதுவே காரணமாயிற்று.

தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1991 கணக்கெடுப்பில் 62.66 விழுக்காடு, 2011-இல் 80.09. ஏழு வயது நிரம்பியவர் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் கணக்கில் சேர்ந்துவிடுவார். கடைசியாக எப்போது ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தீர்கள் என்று கணக்கெடுக்க வருபவர் கேட்பதில்லை.

பள்ளிக்கூடங்களில் புத்தகத்துக்கு முன்போலப் பஞ்சமில்லை. இரும்பு பீரோவில் இருக்கின்றன. சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில் இருக்கும். திறந்தால் அந்துருண்டை வாசனை. முதல் பக்கத்தில் பள்ளி முத்திரை, வரிசை எண். பின்னட்டையின் உள்ளே ஒட்டிய சீட்டில் ஒரு தேதிகூட விழுந்திருக்காது. இதற்கு ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. காணாமல் போன புத்தகத்துக்கு அவர் தணிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். யாருமே தொடாத புத்தகத்துக்கு யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அவர் மண்ணில் நூல்கள் இருப்புக்கே என்று ஆகிவிட்டது.

2023-இல் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு புத்தகங்களைக் கொண்டுவந்தது. நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் துறை ஒன்றைத் தொட்டால் பின்னாலேயே படிவமும் வந்துவிடும். எத்தனை குழந்தைகள், எத்தனை புத்தகங்கள், புகைப்படம் அனுப்பியாயிற்றா என்ற விசாரணையில் கதை காணாமல் போகும். தொண்டு அமைப்புகளின் பலம் இந்த இடத்தில்தான். யாருக்கும் அறிக்கை அனுப்பத் தேவையில்லாத ஒருவர், ஒரு புத்தகத்தைப் பிரித்துக் குழந்தைகள் நடுவே உட்கார்ந்தால் போதும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், தொலைந்தால் போகட்டும்.

இந்த இதழின் வாசகர்களில் பாதிப் பேராவது ஆசிரியர்களாக இருப்பீர்கள். ஓய்வு பெற்றவர்களும் உண்டு. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். உங்கள் ஊர் கிளை நூலகத்தின் கதவைத் தட்ட அந்த உரிமை ஒன்றே போதும். வாரத்தில் ஒரு மாலை அங்கேயோ அருகிலுள்ள தொடக்கப் பள்ளியிலோ போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் அறிவியல் இயக்கக் கிளை இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். படித்து முடித்ததும், இந்தக் கதையின் நீதி என்ன என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.