முளைப்பாரியும் விதைச் சோதனையும்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் ஜில்லாக்களில் அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு முளைப்பாரி எடுப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஊருக்கு ஊர் மாதம் மாறினும் ஆடியே இதற்குப் பெரும்பாலும் உரிய காலம். காவேரிக் கரையிலும் பதினெட்டாம் பெருக்கன்று முளைப்பாரியை ஆற்றில் விடுவோர் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் மணவினையைச் சொல்லுமிடத்தில் முளைப்பாலிகை ஏந்திய மகளிர் வருவதால், இவ்வழக்கத்தின் பழமை விளங்கும். இதனைப் பெண்டிரின் நேர்த்திக்கடன் என்று மட்டும் எண்ணி நிலமுடையோர் ஒதுங்கி நிற்பது சரியன்று. பயிர்த்தொழிலின் முதற்பாடம் அந்தச் சட்டிக்குள்ளேயே இருக்கிறது.

முளை போடும் முறையைச் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். சட்டியின் அடியில் வைக்கோல் பரப்பி, உலர்ந்த எருவைத் தூளாக்கி நிரப்பி, ஊறவைத்த தானியங்களை அதன்மேல் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, காலை மாலை நீர் தெளித்து வருகின்றனர். இரவில் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுகின்றனர். ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முளைகள் வெளிறிய மஞ்சள் நிறத்துடன் நெடிதாக வளர்ந்து நிற்கும். ஒளியின்றிப் பச்சையம் உண்டாகாமையே இந்நிறத்துக்குக் காரணம். அதே தானியத்தை இட்ட வேறொரு சட்டியை வெயிலில் வைத்தால் முளை குட்டையாகவும் பச்சையாகவும் எழும். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பள்ளிச் சிறுவன் ஒருவன் புத்தகத்தில் பலமுறை படித்தும் மனத்தில் நில்லாத விஷயத்தை ஒரு நாளில் அறிந்துகொள்வான்.

முளை செழித்தால் விளைச்சலும் செழிக்கும் என்று ஊரார் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை நகைத்துத் தள்ளுவதற்கில்லை. தையில் அறுத்த சம்பா நெல் கோடை முழுவதும் குதிரிலோ சாக்கிலோ கிடந்து ஆடி, ஆவணியில் நாற்றங்காலுக்கு வருகிறது. ஈரப்பதம் நெல்லில் 100-க்கு 13 பங்குக்கும், பயறு வகைகளில் 9 பங்குக்கும் மேற்பட்டிருந்தால் அக்கோடை வெப்பத்தில் முளைப்புத்திறன் குன்றும். பயறானால் வண்டும் துளைக்கும். வீட்டு விதையையே சட்டியில் இட்ட காலத்தில், விதையின் குற்றம் விதைப்புக்கு முன்னரே கண்ணுக்குத் தெரிந்துவிடும். முளைப்பாரி நம் முன்னோரின் விதைச் சோதனையாகவும் இருந்தது என்றே கொள்ளலாம்.

இப்பொழுதோ பலர் கடையில் நவதானியப் பொட்டலம் வாங்கித் தூவுகின்றனர். அது விதையன்று, வெறும் தானியம்; அதன் முளைப்புக்கு எவரும் பொறுப்பல்ல. 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டம் விதையென விற்கப்படுவதையே கட்டுப்படுத்தும். பொட்டலத்துத் தானியம் எவ்வளவு செழித்தாலும் வீட்டிலுள்ள விதை நெல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வழக்கம் நிற்கிறது, அதன் பயன் போய்விட்டது.

ஆகவே, கோயிலுக்குரிய சட்டிகளில் யாரும் கைவைக்காமல், அதே நாளில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ தனியாக ஒரு வரிசைச் சட்டிகள் வைக்கப்பட வேண்டும். எருச் சட்டியில் நெருக்கமாகத் தூவினால் பூஞ்சணம் பிடிக்கும், எண்ணவும் இயலாது. ஆதலால் கழுவிய மணலில், ஒவ்வொரு வீட்டு விதையையும் தனித்தனியே நூறு மணி எண்ணி, இடம்விட்டு ஊன்றுதல் நலம். பரிசோதனை நிலையத்தில் நூறு நூறாக 400 மணிகளைச் சோதிப்பர்; கிராமத்துக்கு நூறே போதும். பயறுக்கு ஏறத்தாழ ஒரு வாரமும், நெல்லுக்கு 14 நாட்களும் ஆகும். நெல்லில் 80-க்கும், உளுந்து, பச்சைப்பயறு, துவரையில் 75-க்கும் குறையாமல் முளைத்தால் சான்று விதையின் தரம் உண்டு. நெல் 60 மட்டும் முளைத்தால், மத்திய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ போதுமான இடத்தில் சுமார் 53 கிலோ தேவைப்படும். அப்படியும் நாற்று வாளிப்பாக இராது. அவ்விதையை அரிசியாக்கிவிட்டு வேறு விதை தேடுவதே உத்தமம். கோடையில் அறுத்த புது நெல் சில ரகங்களில் உயிரோடிருந்தும் சில வாரம் உறங்குவதுண்டு. அதனை அவசரப்பட்டுக் கழிக்கலாகாது.

எண்ணும் வேலை சிறுவர் சிறுமியருடையதாக இருக்கட்டும். அவர்களுக்கு வழிகாட்ட முளைப்பாரி வளர்த்துத் தேர்ந்த பெண்களையே அழைத்தல் வேண்டும். எந்தத் தானியத்தை எத்தனை நாழிகை ஊறவைப்பது, எந்த முளை நோஞ்சான் என்பன அவர்களுக்குக் கைவந்தவை. இருந்தும், எந்த விதையை விதைப்பதென்று தீர்மானிக்கையில் அநேக வீடுகளில் அவர்களைக் கேட்பாரில்லை. இது பெரும் நஷ்டம்.

பல ஊர்களில் முளைப்பாரி ஒரு வகுப்பாருக்கோ ஒரு தெருவுக்கோ உரியதாக நடைபெறுகிறது. பள்ளிக்கூட வரிசை அவ்வாறு ஆகிவிடாமல், எல்லாத் தெருக்களின் விதையும் ஒரே பலகையில் நிற்குமாறு ஊராட்சித் தலைவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் பெயரை எழுதினால் சிலர் மனம் வருந்தலாம்; சட்டிக்கு எண் மட்டும் இட்டால் போதும்.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கலுக்காகப் பயிர் பார்க்கச் செல்லும் நாளொன்றில் அதே பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால், சட்டியில் கண்ட முளை வயலில் எப்படி நிற்கிறதென்று அவர்கள் காண்பர். தத்தம் குடும்பத்து நிலத்தின் சர்வே எண்ணையும், அதற்கு நீர் பாயும் மடையையும் அறிவர். நிலமில்லாதார் வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் பெற்றோர் நட்ட வயல் இன்னதென்று அறிவர். இதற்கு ஒரு முற்பகல் போதும், செலவு ஒன்றுமில்லை.

எண்ணி முடித்த சட்டிகளைக் குப்பையில் கொட்ட வேண்டுவதில்லை. பயறு, மொச்சை முளைகளை மணலோடு பெயர்த்துப் பள்ளி வேலியோரம் பாத்தி கட்டி நட்டால், பயறு புரட்டாசியிலும் மொச்சை மார்கழி, தையிலும் காய்க்கும்.