ஊசி காப்பாற்றாத ஆண்மை

காயடித்தல் என்ற சொல் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தது. துள்ளுகிற காளையை அடக்கி ஏரில் பூட்டுவதற்காகச் செய்கிற வேலை அது. அந்தச் சொல்லின் நிழல், எலும்புவரை பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் எழுபது வயதுக்காரர் மேலும் விழுகிறது. "விதையை எடுத்துடலாம்" என்று டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் மகன் குறுக்கிடுகிறார்: "அப்பாவுக்கு அதெல்லாம் வேணாம் டாக்டர். எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, ஊசியே போட்டுருவோம்."

ஊசி போட்டால் ஆண்மை தப்பும், ஆபரேஷன் செய்தால் போய்விடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். சுத்தமான பொய்.

புராஸ்டேட் புற்றுக்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். அதில் பெரும்பங்கு விதைகளில்தான் சுரக்கிறது. நோய் பரவியவர்களின் விதைகளை அகற்றினால் புற்று ஒடுங்குகிறது, வலி தணிகிறது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டினார். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசி புழக்கத்துக்கு வந்தது 1980-களில். விதைக்கு உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியை அது வாயடைக்க வைக்கிறது. கிணற்றை மூடினாலும் சரி, மோட்டாருக்குக் கரண்டை நிறுத்தினாலும் சரி, வாய்க்காலில் தண்ணீர் வராது. ஊசி போட்டுக்கொண்டவருக்கும் ஆசை அடங்கும், விறைப்பு போகும், இருந்தாற்போல் உடம்பு கொதித்து வியர்க்கும், எலும்பு மெலியும், தசை கரையும். மருந்தால் காயடித்தல் என்றே ஆங்கில மருத்துவம் இதைக் குறிப்பிடுகிறது. நாம் 'ஹார்மோன் ஊசி' என்கிறோம். பெயர் மாறியதில் குடும்பத்துக்கு ஒரு நிம்மதி, விற்பவருக்கும் நஷ்டமில்லை.

சரி, ஆயுளாவது கூடுமா? 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000-ல் வெளியான தொகுப்பாய்வில், இரண்டு வழிக்கும் உயிர்வாழும் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

வேகத்தில்தான் வேறுபாடு. விதையை எடுத்தால் ஒரே நாளில் டெஸ்டோஸ்டிரோன் சரிந்துவிடும். லியூப்ரோலைடு போன்ற ஊசிகளில் முதல் ஓரிரு வாரம் அது இறங்குவதற்குப் பதிலாக ஏறும். அந்த ஏற்றத்தைத் தடுக்கத் தனியாக மாத்திரை கொடுக்க வேண்டும். முதுகெலும்பில் இறங்கிய கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருப்பவருக்கு அந்த ஏற்றம் கால்களையே முடக்கிவிடலாம். டெகரெலிக்ஸ் ஊசியில் இந்தத் தொல்லை இல்லை; ஆனால் அதை மாதாமாதம் போட வேண்டும்.

மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, எத்தனை வருடம்? பரவிய நோய்க்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. நடவு நேரம், பேத்தியின் சடங்கு, கையில் காசில்லாத மாதம் என்று ஒரு தவணை தள்ளிப்போனாலும் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்கலாம், கூடவே புற்றும். ஆபரேஷனுக்குத் தவணை கிடையாது. முதுகில் மரப்பு ஊசி போட்டோ அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ சிறிது நேரத்தில் முடிகிற வேலை. மேலுறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கிற முறையும் உண்டு. வேட்டிக்குள் வெறுமை தெரியாது.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஹார்மோன் அடக்கத்தோடு அபிராடெரோன் மாத்திரையைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் நீள்கிறது என்று 2017-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. விதை எடுத்தவருக்கும் அந்த மாத்திரை உண்டு. நகையை அடகு வைத்த பணமெல்லாம் ஊசிக்கே போய்விட்டால் மாத்திரைக்கு என்ன மிஞ்சும்?

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் பரவாமல், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது துணைக்கு ஆறு மாதமோ இரண்டு மூன்று வருடமோ ஹார்மோனை அடக்கினால் போதும் என்கிறவர்களுக்கு ஊசிதான் சரி. நிறுத்தினால் பலருக்குச் சுரப்பு மெல்லத் திரும்பும். வயதானவர்களுக்கு அதுவும் நிச்சயமில்லை. உடம்பின் ஓர் உறுப்பை இழக்க மனசு ஒப்பவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்தக் காரணமே போதும். அவர் விருப்பப்படி ஊசியே போடட்டும். ஆண்மை தப்பிவிடும் என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் அநியாயம்.

அவரைக் கேட்கிறார்களா என்பதே சந்தேகம். பேச்செல்லாம் வராந்தாவில், மகனுக்கும் மருமகனுக்கும் நடுவே நடக்கிறது. அவர் மனைவிக்கு விஷயமே தெரியாது. இந்த வயசில் அம்மாவிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று மகனுக்குக் கூச்சம். பெரியவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இடுப்பெலும்பு வலியில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அவரிடம் கேட்டிருந்தால், எதைச் செய்தால் வலி சீக்கிரம் குறையும் என்றுதான் முதலில் விசாரித்திருப்பார்.