மூணாறு அக்காக்கள் நம்மையும் விரட்டியிருப்பார்களோ?



மூணாறுன்னு கூகுள்ல தேடிப் பாருங்க. பச்சை மலை, பனி, ஹனிமூன் பேக்கேஜ். நானும் இன்ஜினியரிங் முடிச்ச கையோட நண்பர்களோட போய் செல்ஃபி எடுத்தவன்தான். பின்னாடி கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்த அக்கா படத்துல வந்துடக் கூடாதுன்னு தள்ளி நின்னு எடுத்தோம். இப்ப நினைச்சா கூசுது.

அந்த அக்காக்கள் 2015 செப்டம்பர்ல என்ன செஞ்சாங்க தெரியுமா?

கண்ணன் தேவன் தோட்டங்களில் அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸை ஏறக்குறைய பாதியாக்கி 10 சதவீதம்னு அறிவிச்சாங்க. இதுல ஒரு வேடிக்கை: 2005-லிருந்து அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் பெயரில்தான் இருக்கு. காகிதத்தில் முதலாளி, விடிஞ்சா முதுகில் கூடை, ஒற்றை அறை லயத்தில் குடும்பம்.

ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திட்டு மூணாறு டவுன் சாலையில் உட்கார்ந்தாங்க. பெரும்பாலும் நம்ம தென்மாவட்டங்களில் இருந்து மலையேறிய தலித் குடும்பங்களின் பேத்திகள். ‘பொம்பிளை ஒருமை’ன்னு பேர் வெச்சாங்க. கம்பெனிக்கு எதிரா மட்டும் இல்லை. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. மூணு சங்கத் தலைவர்களையும் கிட்ட வர விடலை. எங்க சந்தாவில் வளர்ந்துட்டு நிர்வாகத்தோட கைகோர்த்துட்டீங்கன்னு முகத்துக்கு நேரா கேட்டாங்க. ஆறுதல் சொல்ல வந்த அரசியல்வாதிகளும் திரும்பிப் போக வேண்டியதாச்சு. 91 வயசு வி.எஸ். அச்சுதானந்தன் வந்து கூடவே உட்கார்ந்தார், அவரை ஏத்துக்கிட்டாங்க.

ஒன்பது நாள். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க.

சங்கமே வேண்டாம்னு இதை வெச்சு சில பேர் எழுதினாங்க. அது தப்பு. நாள் கூலியை 500 ஆக்கணும்னும் அவங்க கேட்டாங்க. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தது அதே பழைய சங்கங்கள்தான். கூலி 301-ல் நின்னுச்சு. ஒன்பது நாள் சாலையில் உட்கார முடிஞ்சவங்களுக்கு மேசையில் ஒரு நாற்காலி கிடைக்கலை. அந்த வருஷ உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை ஜெயிச்சாங்க, அப்புறம் பிளவு வந்து அமைப்பு சுருங்கிப் போச்சு. கூட்டம் சேர்றது வேற, அமைப்பா நிக்கிறது வேற. பறிச்சாத்தான் கூலிங்கிற ஒருத்திக்கு மாசாமாசம் மீட்டிங் போட நேரம் ஏது, பஸ் காசு ஏது? நமக்கு லேப்டாப்பும் நெட்டும் இருக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் போஸ்ட் போடறோம். இந்த வசதியே ஒரு வர்க்கம்தான், நண்பா.

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்தது. லயங்கள் புதைஞ்சு 70 உயிர் போச்சு, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அன்னைக்கு நாமளும் கறுப்பு டிபி வெச்சோம். ஒரு வாரம் கழிச்சு மாத்திட்டோம்.

நம்ம கட்சியில தொழிற்சங்கப் பொறுப்பில் இருக்கிற அண்ணன்கள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன், கோபப்படாதீங்க. உங்க மேடையில் கூடை தூக்குற அக்கா எத்தனை பேர் மைக் பிடிச்சிருக்காங்க? கமெண்ட்ல சொல்லுங்க. ஜீரோன்னாலும் சொல்லுங்க.

- ஐடி விங் தன்னார்வலர்
#பொம்பிளைஒருமை #தோட்டத்தொழிலாளர்