பண்டிகைக் காணிக்கையும் மரியாதையும்

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் தொழிற்சாலைகளிலும் உத்தியோக சாலைகளிலும் இரண்டு விஷயங்கள் பேசப்படுகின்றன. போனஸ் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. மேலதிகாரிக்கு என்ன கொடுப்பது என்பது மற்றொன்று. முதலாவது உரத்த குரலில் பேசப்படும். இரண்டாவது காதோடு காதாக நடக்கும். நாம் இன்று எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவதையே. வியாசர்பாடியை அடுத்த எம்.கே.பி. நகர் போன்ற இடங்களில் வசித்து, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது அற்ப விஷயமன்று. தலைக்கு இவ்வளவென்று வசூலித்து, மேற்பார்வையாளருக்கு வேஷ்டியும் பலகாரமும் வாங்கி வைக்க வேண்டுமென்று ஒருவர் கிளம்பிவிட்டால், மனமில்லாதவரும் கொடுத்தே தீரவேண்டியிருக்கிறது. ஏனென்று கேட்டால், பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று பதில் வருகிறது.

பெரியோரை மதிப்பது நம் நாட்டு வழக்கம். அதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் புது வருஷப் பிறப்பன்று கீழ் உத்தியோகஸ்தர்கள் துரைமாரைக் கண்டு எலுமிச்சம்பழம் கொடுத்து வருவது சென்னை ராஜதானியில் சம்பிரதாயமாக இருந்தது. பழத்தின் விலை அற்பம். கொடுப்பவனுக்கு நஷ்டமில்லை, வாங்குபவனுக்கு லாபமில்லை. இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதலில்லை. ஆனால் பழத்தின் பின்னால் கூடை வருகிறது; கூடையின் அடியில் வேறு ஏதோ வருகிறது. எந்த இடத்தில் அன்பு முடிந்து விலை ஆரம்பமாகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு நமது கடற்கரையே பழைய சாட்சி. கம்பெனியார் காலத்தில் ஜார்ஜ் கோட்டையிலிருந்த உத்தியோகஸ்தர்கள் சிலர், ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவிடம் வெகுமதிகளும் கடன்பத்திரங்களும் பெற்றுப் பெருஞ் செல்வர்களானார்கள். அந்தக் கடன்களின் சுமை கர்நாடகத்துக் குடியானவன் தலையில் வரியாக விடிந்தது. 1785-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எட்மண்டு பர்க் இதைக் கண்டித்துப் பேசியது பிரசித்தம். அதற்கு முன்பே, 1773-இல், கவர்னர் ஜெனரலும் ஆலோசனைச் சபையினரும் நீதிபதிகளும் வெகுமதி வாங்கலாகாதென்று சட்டஞ் செய்ய நேர்ந்தது. மரியாதையென்று கொடுக்கப்பட்டது ராஜ்யத்தையே விலைபேசும் கருவியாயிற்று என்பதை அந்த நாட்டாரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கோட்டையில் நடந்தது பிற்காலத்தில் ஆலையிலும் நடந்தது. இந்தியத் தொழிலாளரின் நிலைமையை விசாரித்த ராயல் கமிஷன் 1931-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் வேலை தருவதற்கும், கொடுத்த வேலையை நீடிப்பதற்கும் தொழிலாளரிடம் லஞ்சம் பெறுவதை எடுத்துக்காட்டியது. மேஸ்திரியின் கையில் வேலை இருந்தது. ஆகையால் தொழிலாளியின் கையிலிருந்த காசு அவரிடம் போயிற்று. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் மாதம் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களுக்குத் துணைநின்றார்கள். சங்கத்தில் சேர்ந்த தொழிலாளி தன் குறையை நேராகச் சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. துறைமுகங்களிலோ, 1948-ஆம் வருஷத்துச் சட்டம் கூலியாட்களைப் பதிவுசெய்து முறைப்படி வேலை வழங்க வழிவகுத்தது. முறை எங்கே நிலைக்கிறதோ, அங்கே காணிக்கைக்கு வேலை குறைகிறது.

போனஸும் இவ்வாறே. 1917-இல் யுத்த காலத்து விலையேற்றத்தை உத்தேசித்து பம்பாய், ஆமதாபாத் நெசவாலைகள் அதைக் கொடுத்தபோது அது முதலாளியின் தயவாகத் தோன்றியது. பல வருஷப் போராட்டத்துக்கும் வழக்குகளுக்கும் பிறகு, 1965-இல் போனஸ் சட்டம் பிறந்தது. இன்று குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, என்ற அளவு நிலைத்துவிட்டது. 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே ஏற்றுக்கொண்டது. ஆகவே போனஸ் பிச்சையன்று; அது உழைப்பின் பாக்கி. அதை வாங்கிக்கொண்டு, கொடுத்த கைக்கு நன்றிக் காணிக்கையாக அதிலேயே ஒரு பகுதியைத் திருப்பி வைப்பது என்ன நியாயம்? ஒப்பந்தத் தொழிலாளியின் கதி இன்னும் பரிதாபம். அவனுக்கு உரிய பாக்கிக்குப் பதிலாக ஒரு மிட்டாய்ப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவனிடமே வசூலுக்கும் ஆள் வருமானால் அதற்குப் பண்டிகை என்ற பெயர் பொருந்தாது.

சர்க்கார் உத்தியோகஸ்தர்களைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. மத்திய சர்க்கார் ஊழியருக்கான 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகள், உறவினரும் நண்பரும் கல்யாணம் முதலிய சடங்குகளில் வழக்கப்படி கொடுப்பதை அனுமதிக்கின்றன. தம்மிடம் காரியம் உள்ளவரிடமிருந்து ஆடம்பர உபசாரம் பெறுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு 2018-இல் வந்த திருத்தத்தின்படி, லஞ்சம் வாங்குபவரோடு கொடுப்பவரும் குற்றவாளியே; வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. நமது ராஜ்யத்தில் லஞ்ச ஒழிப்புத் துறையினர் தீபாவளிக்கு முன் சர்க்கார் அலுவலகங்களில் திடீர்ச் சோதனை நடத்துவது பத்திரிகை படிப்பவர்கள் அறிந்த செய்தி. சோதனைக்கு அஞ்சித்தான் கூடை நிற்கவேண்டுமென்றால் அது நமக்குப் பெருமையாகாது.

சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே அன்பையும் லஞ்சத்தையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இன்று கூடை பெறும் அதிகாரி அடுத்த வருஷம் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதே தீபாவளிக்கு அதே கூடை அவர் வாசலுக்குப் போகுமா? போகுமானால் அது அன்பு. அதற்கு நாம் தலைவணங்குகிறோம். போகாதென்றால், அது நாற்காலிக்கு வைத்த படையல். அதில் அமர்ந்தவருக்கு அதனால் கௌரவமில்லை. வைத்தவருக்கோ சுயமரியாதை இல்லை.

ஆகவே, மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கி நிற்கும் எம்.கே.பி. நகர்வாசிகளும், வட சென்னைத் தொழிலாளர் அனைவரும், இனி இதில் ஒரு முடிவுக்கு வரவேண்டுமென்று நாம் வேண்டிக்கொள்கிறோம். தனி ஒருவன் மறுத்தால் அவன் கண்ணில் படுவான். சங்கமே கூடி, இவ்வருஷம் வசூல் இல்லை என்று தீர்மானித்தால் யாரையும் யாரும் குறிவைக்க முடியாது. அதிகாரிகளும் பண்டிகைக்கு முன்பே, எதுவும் கொண்டுவர வேண்டாமென்று அறிவித்துவிடுவார்களானால் கீழுள்ளவர்கள் அவரை உண்மையாகவே மதிப்பார்கள். கொடுக்க ஆசையுள்ளவர்கள் தங்கள் பலகாரத்தைக் காவற்காரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் கொடுக்கட்டும். அங்கே கைம்மாறு எதிர்பார்க்க இடமில்லை. ஒழுங்காக வேலை செய்து, நேர்மையாகப் பேசி, நியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து, அநியாயமானதைப் பணிவோடு மறுப்பதே மேலோருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை. அதற்குக் காசு செலவில்லை. ஆனால் தைரியம் வேண்டும்.