இடுப்பு வலியோட நீர் பிரியலைன்னா

வயல் வேலை செய்யுற ஊர்ல இடுப்பு வலி ஒரு சேதியே இல்லை. நாலு நாள் குனிஞ்சு களை பறிச்சா வலிக்கும். 60 கிலோ மூட்டையைத் தூக்கி டிராக்டர்ல போட்டா வலிக்கும். தைலம், வெந்நீர் ஒத்தடம்னு சில வாரத்துல தானா சரியாகிற வலிதான் பெரும்பாலும். அதுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா இப்படியும் நடக்குது. மூட்டை தூக்கினவருக்கு இடுப்புல பிடிச்சு ரெண்டு காலுக்கும் வலி இறங்குது. சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட காட்டுறாங்க. மறுநாள் நீர் சரியாப் பிரியலை. 'சூடு பிடிச்சிருக்கு'ன்னு தொப்புள்ல விளக்கெண்ணெய், கால் பெருவிரல்ல சுண்ணாம்பு, குடிக்க ரெண்டு இளநீர். இடுப்புக்குத் தனி வைத்தியம், நீர்க்கட்டுக்குத் தனி வைத்தியம். ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வருதுன்னு யாருக்கும் தோணுறதில்லை.

தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிஞ்சுடும். அதுக்குக் கீழ நரம்புங்க கத்தையாத் தொங்குது. டாக்டருங்க அதுக்கு வச்சிருக்கிற பேரே குதிரைவால்தான். காலுக்கும் மூத்திரப்பைக்கும் ஆசனவாய்க்கும் உத்தரவு அது வழியாப் போகுது. விலகின டிஸ்க் அந்தக் கத்தையை நசுக்கிட்டா எம்.ஆர்.ஐ. எடுத்து உடனே ஆபரேஷன் பண்ணணும். 48 மணி நேரம்னு ஒரு கணக்குச் சொல்வாங்க, அதுக்கு முன்னாடியே முடிஞ்சா இன்னும் நல்லது. தள்ளிப்போட்டா, நடை திரும்பினாலும் காலம் பூரா டியூப் போட்டு நீர் எடுக்கிற நிலைமை வரலாம்.

இதுல பெரிய எமன் வெட்கம். உட்காருற இடம் மரத்துப்போகும், கழுவும்போது தண்ணி படுறதே தெரியாது. முக்கியமான அடையாளமே அதுதான். அதை எங்க ஊர் ஆம்பளை பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டார். 'இடுப்பு வலி'ன்னு மட்டும் சொல்லி ஊசி போட்டுக்கிட்டு வந்து படுத்துடுவார். ஊசி போடுறவங்களும் அதைக் கேக்குறதில்லை, அவங்களுக்கு வெளியில கூட்டம் நிக்குது.

அதனாலதான் பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு எழுதுறேன். அப்பா போன்ல 'இடுப்பு பிடிச்சிருக்குப்பா'ன்னா 'மாத்திரை போட்டீங்களா'ன்னு கேட்டு வச்சிடாதீங்க. நீர் அடைக்குதா, தெரியாமலே போயிடுதா, உட்காருற இடம் மரத்திருக்கா, காலு ரெண்டும் தள்ளாடுதான்னு நேராவே கேளுங்க. மகன் கேட்டா கோவப்படுவார், கேளுங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ.யும் நரம்பு ஆபரேஷன் டாக்டரும் இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க போனதும் இடுப்பு வலின்னு ஆரம்பிக்காம, 'நீர் பிரியலை, உட்காருற இடம் மரத்துப்போச்சு'ன்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க.